வன்னி வெயிலுக்கு ஒரு நீர் தூவும் கைவிசிறி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கிளிநொச்சியிலிருந்து, விசிறி திருத்துபவர்:

கிளிநொச்சியில் கைபேசியும் மின்விசிறியும் திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்தால் போதும், கையில் பிடிக்கும் நீர் தூவும் விசிறிகள் கடைக்கு வரத் தொடங்கிவிடும். கொண்டுவருபவர் யாராக இருந்தாலும் முறைப்பாடு ஒன்றுதான்: விசிறி சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை. திருத்திக் கொடுத்தே அலுத்துப்போய், எங்கள் வெயிலுக்கும் எங்கள் தண்ணீருக்கும் ஏற்றதாக ஒன்றை நானே வடிவமைக்க இறங்கியிருக்கிறேன். மேசையில் வைத்துப் பார்ப்பது வேறு, வெட்டவெளியில் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு. அதனால் வெளியில் வேலை செய்பவர்கள், இப்படி ஒன்றை வாங்கியவர்கள், வாங்கிக் கைவிட்டவர்கள் எல்லோரும் எழுதுங்கள். நான் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடையில் கிடைக்கும் விசிறியைத் திறந்தால் உள்ளே இருப்பவை கொஞ்சம்தான். 18650 வகை இலிதியம் பற்றரி ஒன்று, சிறிய மோட்டார், 16 அல்லது 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத் தகடு ஒன்று, தொட்டியிலிருந்து அதற்குத் தண்ணீரை உறிஞ்சிக் கொடுக்கும் பஞ்சுத் திரி. தகடு என்பது ஒரு பீங்கான் வளையம். அதன் நடுவே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த எஃகுத் தாள். மின்னழுத்தம் கொடுத்தால் பீங்கான் சுருங்கி விரியும். 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்த அழுத்தமின் விளைவின் மறுபக்கம் இது. விநாடிக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் தகடு அதிர, பின்னால் நிற்கும் தண்ணீர் துளைகளினூடாகப் புகைபோலப் பறக்கிறது.

அந்தத் துளைகளை அடைப்பது எங்கள் தண்ணீர். ஒரு கண்ணாடித் துண்டில் குழாய்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு துளி, பக்கத்தில் உப்பு நீக்கி வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர் ஒரு துளி, மழைநீர்த் தாங்கியில் எடுத்தது ஒரு துளி என்று விட்டு வெயிலில் காயவைத்தேன். குழாய்க் கிணற்றுத் துளி நின்ற இடத்தில் வெள்ளை வளையம்; விரலால் தேய்த்தால் சொரசொரக்கிறது. ஆர்.ஓ. துளி மெல்லிய கறையை விட்டிருந்தது. மழைத்துளி நின்ற இடமே தெரியவில்லை. கேத்தலின் அடியில் படியும் அதே உப்புத்தான் தகட்டிலும் படிகிறது. அடைத்த தகட்டைத் தேசிக்காய்ப் புளியில் ஊறப்போட்டுக் கழுவினால் பெரும்பாலும் திரும்ப வேலை செய்யும். ஆனால் தோட்டத்தில் நிற்கும் ஒருவர் அதற்கு எங்கே போவார்?

இன்னொரு குறை, தகட்டை வைக்கும் இடம். சில விசிறிகளில் தகடு இறக்கைக்குப் பின்னால் இருக்கிறது. நீர்ப்புகை இறக்கையில் பட்டுப் பெரிய துளிகளாகத் திரண்டு ஓரங்களுக்கு வீசப்படுகிறது. மிச்சம் மோட்டாருக்குள் இறங்குகிறது. திறந்து பார்த்த மோட்டார்களில் துருவேறியவை எல்லாம் இந்த வகைதான். நீர் வரும் வாய் இறக்கைக்கு முன்னால், காற்று போகும் பக்கத்தில் இருக்கவேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது வேறொன்று. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2.4 கிலோயூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு தகடு மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றர் தூவுகிறது என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் 20 வாற்று வருகிறது. குனிந்து நிமிர்ந்து கடுமையாக வேலை செய்யும் உடம்பு உண்டாக்கும் வெப்பமோ 300 வாற்றைத் தாண்டும். கிடைப்பதே 20 வாற்று; அதையும் உடம்பிலிருந்து எடுக்காமல் வெளிக்காற்றிலிருந்து எடுத்து யாருக்கு என்ன பயன்? அந்தப் புகையின் துளிகள் 5, 10 மைக்ரோமீற்றர் அளவானவை. வறண்ட காற்றில் முகத்துக்கு வந்து சேருமுன்பே உலர்ந்துவிடுகின்றன. மூடிய அறைக்குள் என்றால் குளிர்ந்த காற்றாவது நம்மைச் சுற்றி நிற்கும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் வெளியில் அந்தக் குளிர்ச்சி அடுத்த காணிக்குப் போய்விடுகிறது.

ஆகவே காற்றைக் குளிர வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, தோலை நனைத்துக் காற்றால் உலர்த்தும் கருவியாக இதை மாற்றவேண்டும் என்று நினைக்கிறேன். சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிக்கும் போத்தலின் விசைமுனையை ஒரு விசிறியில் பொருத்திப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே ஒரு தடவை அடித்துவிட்டு விசிறியைப் பிடித்தால், மயிர்க்கால்கள் சிலிர்க்கும் அளவுக்குக் குளிர்கிறது. ஆனால் அது ஒரு அடிக்கு ஒரு மில்லிலீற்றர் அளவில் கொட்டுகிறது, சட்டை நனைந்துவிடுகிறது. உங்களுக்கு எது சரிப்படும்?

விசுவமடுவிலிருந்து, மிளகாய்த் தோட்டக்காரர்:

தம்பி, நீர் சொல்வதை நாங்கள் மருந்து தெளிக்கும்போதே கண்டிருக்கிறோம். முதுகில் சுமக்கும் தெளிகருவியின் முனையில் துளை சிறிதாக இருந்து அழுத்தமும் கூடினால், மருந்து பயிரில் விழாது. காற்றோடு ஏறி அயல் தோட்டத்துக்குப் போகும். முனையை மாற்றித் துளியைப் பெரிதாக்கினால் இலையில் இறங்கும். அளவுக்கு மிஞ்சிப் பெரிதானாலும் சரிவராது, இலையிலிருந்து உருண்டு மண்ணுக்குப் போகும். நீர் தேடுவது இடையில் நிற்கிற துளி. பொடிமழை மாதிரியும் இல்லாமல், புகை மாதிரியும் இல்லாமல், தோலில் பட்டால் உருண்டோடாமல் அப்படியே அமர்ந்திருக்கிற துளி.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை எங்கள் பக்கம் சோளகம். பகல் பத்து மணிக்குப் பிறகு நின்று பேச விடாது, வாய் உலர்ந்துவிடும். அந்த நேரத்தில் மோட்டாரே தேவைப்படாது என்பது என் அனுபவம். ஈரச் சால்வையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால் போதும். உமது விசிறிக்கு உண்மையான வேலை சித்திரையில்தான். சூரியன் உச்சிக்கு நேரே வருகிற நாட்கள், பனை ஓலைகூட அசையாது. அதற்கேற்ற மாதிரிச் செய்யும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய மருந்துப் போத்தலையோ தெளிகருவியின் முனையையோ கழுவிவிட்டோம் என்று நம்பி இதில் யாரும் பூட்டவேண்டாம். முகத்தில் அடிக்கிற தண்ணீர் இது. எத்தனை தடவை கழுவினாலும் அந்தப் பிளாஸ்டிக்கில் மணம் போகாது, மணம் போகாதென்றால் மருந்தும் போகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முறிகண்டியிலிருந்து, கச்சான் (நிலக்கடலை) விற்பவர்:

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் ஏ9 வீதியில் போகிற வாகனம் குறைவு. அதனால் எங்களுக்கு வெயில் என்று பார்த்து எழுந்துபோக முடியாது. மேலே தகரம், முன்னால் அடுப்பு, தாச்சியில் மண் கொதித்துக்கொண்டிருக்கும். மகள் கொழும்பிலிருந்து ஒரு நீர் விசிறி வாங்கிக்கொண்டு வந்து தந்தாள். முகத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீர்ப்புகை கச்சான் குவியல் பக்கம் திரும்பிவிட்டது. பின்னேரம் வந்து வாங்கியவர் ஒன்றை உடைத்து வாயில் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் சரையைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். எடுத்துக் கடித்துப் பார்த்தேன், நமுத்துப்போயிருந்தது. கடதாசிச் சரைகளும் ஓரம் சுருண்டு நின்றன.

தம்பி, தண்ணீரும் காற்றும் சேர்ந்து வருகிற விசிறி எனக்கு வேண்டாம். தண்ணீருக்கு ஒரு விசை, காற்றுக்கு ஒரு விசை என்று தனித்தனியாக வையுங்கள். கச்சானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையிலும் கழுத்திலும் தண்ணீரை அடித்துவிட்டுப் பிறகு காற்றைப் போடுவேன். அடுப்புப் பக்கமிருந்து வரும் காற்று ஏற்கெனவே சூடு. தோல் ஈரமாக இல்லாவிட்டால் விசிறி அந்தச் சூட்டைத்தான் மேலே கொட்டுகிறது. இன்னொன்று, விசையைப் பெரிதாக வையுங்கள். உப்பும் மண்ணும் ஒட்டிய விரலால் சின்னப் பொத்தானை அழுத்தி அழுத்தி அது உள்ளேயே இறுகிவிட்டது.

பளையிலிருந்து, கண்ணிவெடி அகற்றும் பணியில் இருப்பவர்:

முகமாலைப் பக்கம் வேலை செய்கிறேன். கனமான பாதுகாப்பு மேலங்கி, முகம் முழுவதையும் மூடும் கண்ணாடிக் கவசம், முழங்காலில் இருந்து செய்யும் வேலை. வேலை நேரத்தில் இரண்டு கையும் நிலத்தோடுதான். ஆகவே விசிறி என்ற பேச்சே இடைவேளைக்குத்தான் வரும்.

எங்களில் ஒரு தங்கச்சி நீர்ப்புகை விசிறி கொண்டுவந்தாள். கூடாரத்துக்குள் வந்து கவசத்தை மேலே தூக்கிவிட்டு முகத்துக்குப் பிடித்தாள். அந்தப் புகை கவசத்தின் உட்புறத்தில் படிந்து பால் நிறமாகிவிட்டது. துடைத்தால் கோடு கோடாக நின்றது. கண் தெளிவாகத் தெரியாமல் எங்கள் வேலையில் ஒரு அங்குலமும் நகர முடியாது. அன்றைக்கு அவள் கவசம் முழுவதும் உலர்ந்த பிறகுதான் உள்ளே போனாள். அதற்குப் பிறகு இடைவேளையில் மேலங்கியையும் கவசத்தையும் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டுத்தான் தண்ணீர் பக்கம் போகிறோம். முகத்தைவிடக் கழுத்தின் பின்புறமும் முன்கைகளும் நனைந்தால் உடம்புக்குச் சீக்கிரம் தெரிகிறது. அண்ணா, விசிறியை மேசையில் நிமிர்த்தி வைக்க ஒரு அடித்தட்டு இருந்தால் நல்லது. இளைப்பாறும் நேரத்திலும் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்க மனம் வராது.

ஒட்டுசுட்டானிலிருந்து, சுகாதாரப் பணியில் இருப்பவர்:

வீடு வீடாகப் போகும் வேலை என்பதால் இந்த விசிறிகளைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். மூடியைத் திறந்து விரலை விட்டால் உள்சுவர் வழுக்கும். வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீர். வாய் சிறிது, கைவிட்டுத் தேய்க்க முடியாது. அதையே நுண்துளியாக்கி மூக்குக்கு நேரே பிடிக்கிறோம். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்குப் போனவர்களிடையே பரவிய நியுமோனியாவுக்குக் காரணம், தண்ணீரில் வளர்ந்து நுண்துளிகளோடு சுவாசத்துக்குள் போகும் லெஜியோனெல்லா என்ற பக்டீரியா என்று அடுத்த ஆண்டு கண்டறிந்தார்கள். 20 முதல் 45 பாகை வரையான வெப்பத்தில் அது நன்றாகப் பெருகும். எங்கள் ஊரில் நிழலில் வைத்த தண்ணீரும் அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. பயமுறுத்த எழுதவில்லை. தொட்டியைக் கழற்றக்கூடியதாக, விரல்கள் நுழையும் அகலவாயோடு செய்யுங்கள். நாள் முடிவில் ஊற்றிவிட்டுக் கவிழ்த்து உலர்த்தட்டும். குடிக்கத்தக்க தண்ணீரைத் தவிர வேறெதையும் நிரப்பக் கூடாது.

விசிறியை நம்பி நிழலையும் தண்ணீரையும் மறப்பவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். காற்று 40 பாகைக்கு மேல் போனால் மின்விசிறி உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஈரப்பதனையும் பாருங்கள். 35 பாகை வெயிலில் ஈரப்பதன் 50 வீதமாக இருந்தால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 26 பாகை அளவுக்கு இறங்கும். 70 வீதமானால் 30 பாகையோடு நின்றுவிடும். ஈரம் உலர்வதால் கிடைக்கும் குளிர்ச்சிக்கு அதுதான் எல்லை. அதனால் மாங்குளத்தில் பின்னேரம் சுகம் தந்த விசிறி, முல்லைத்தீவுக் கடற்கரையில் காற்று விழுந்த காலையில் அந்தச் சுகத்தைத் தராது. ஒருவர் வெயிலில் பேச்சுத் தடுமாறினால், நிலை தெரியாமல் நடந்தால், விசிறி பிடித்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டாம். நிழலுக்குத் தூக்கி உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசியபடியே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து, விசிறி திருத்துபவர்:

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. அதிரும் தகட்டை அடியோடு எடுத்துவிடுகிறேன். விசுவமடு அண்ணை சொன்ன இடைத்துளிக்கு, வாசனைத் திரவியப் போத்தல்களில் இருக்கும் விரல் அமுக்கு முனை பொருந்துகிறது. ஒரு அமுக்குக்கு 0.1 மில்லிலீற்றர் அளவில்தான் தருகிறது. முன்கையில் நாலைந்து அமுக்கு விட்டால் தோல் முழுவதும் ஈரமாகிறது, ஒழுகவில்லை. அது கைவிசையால் இயங்குவதால், முறிகண்டி அக்கா கேட்டபடி தண்ணீரும் காற்றும் தாமாகவே பிரிந்துவிட்டன. துளை சற்றுப் பெரிது; கிணற்றுத் தண்ணீரின் உப்பு அதையும் பிடிக்கும், ஆனால் அடைத்தால் முனையை மட்டும் கழற்றிப் புதியதைப் பூட்டலாம்.

தகடு போனதால் பற்றரிக்கும் சுமை குறைகிறது. 2500 மில்லி அம்பியர்மணிப் பற்றரி ஒன்றில் ஒன்பது வாற்றுமணிக்குச் சற்று மேல் இருக்கிறது. 3 வாற்று மோட்டார் மட்டும் என்றால் மூன்று மணித்தியாலம் ஓடும். தகட்டுக்கும் 2 வாற்று கொடுத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். மோட்டாரை, உள்ளே உரசும் தூரிகை இல்லாத வகைக்கு மாற்றுகிறேன். பற்றரியை 45 பாகைக்கு மேல் சூடேறிய நிலையில் மின்னேற்றக் கூடாது. மோட்டார் சைக்கிள் தாங்கியின் மேல் வெயிலில் வைத்துவிட்டு வந்து உடனே மின்னேற்றியில் செருகும் பழக்கம் இங்கே அதிகம். அதனால் சூட்டைக் கண்டு மின்னேற்றத்தை நிறுத்தும் சிறிய உணரி ஒன்றைப் பற்றரியோடு ஒட்டிவிடுகிறேன்.

தொட்டி கைப்பிடியின் அடியில், மூன்று விரல் நுழையும் வாயோடு, தனியாகக் கழன்று வரும். 60 மில்லிலீற்றருக்கு மேல் வைக்கவில்லை; அதற்கு மேல் போனால் மணிக்கட்டு உளைகிறது. அடித்தட்டு அகலமாக, மேசையில் நிற்கும். பளையிலிருந்து எழுதிய தங்கச்சி, உங்கள் கூடாரத்தில் பலகை மேசையா, மடிக்கும் மேசையா என்று எழுதுங்கள், அதற்கேற்பக் கவ்வி ஒன்றும் வைக்கலாம். தொட்டிக்கும் பற்றரிக்கும் நடுவே போட 30 மில்லிமீற்றர் றப்பர் வளையம் கிளிநொச்சியில் கிடைக்கவில்லை. வவுனியாவில் எந்தக் கடைத்தெருவில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அது வந்ததும் முதலாவது விசிறி முறிகண்டிக்குப் போகும்.