புதுப்பிப்பு: ஜாண்டெக்கின் முதல் இசைத்தட்டு, முதல் பதிப்புத்தானா?

ஹூஸ்டன் இசைக்கலைஞர் ஜாண்டெக்கின் 1978ஆம் ஆண்டு ஆல்பமான 'ரெடி ஃபார் தி ஹவுஸ்' பழைய தட்டு ஒன்றை வாங்கிவிட்டு, இது முதல் பதிப்பா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது: இல்லை. முதல் பதிப்பில் கலைஞர் பெயர் 'தி யூனிட்ஸ்' என்றுதான் இருக்கும். அதே பெயரில் வேறொரு குழு இருந்ததால்தான் பிறகு ஜாண்டெக் ஆனது. என்னுடையதில் ஜாண்டெக் என்றே இருக்கிறது. உறையைப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு நன்றி. விற்றவர் 'அரிய முதல் பதிப்பு' என்று சொல்லி வாங்கிய பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனாலும் தட்டைத் திருப்பித் தர மனமில்லை. சுருதி சேராத கிட்டார், முனகல் போன்ற குரல், ஒரே மாதிரி நகரும் பாட்டுகள். கடைசிப் பாட்டில் மட்டும் திடீரென்று எலக்ட்ரிக் கிட்டார் வருகிறது. அதுவும் பாதியிலேயே அறுந்து நிற்கிறது. முதல்முறை கேட்டபோது ஊசிதான் பழுதாகிவிட்டது என்று எழுந்து போய்ப் பார்த்தேன்! பின்னால் வந்த ஆல்பங்களில் அதே பாட்டுக்கு அவர் மறுபடி மறுபடி திரும்பியிருக்கிறார்.

அவருடைய மற்ற ஆல்பங்களை, அவற்றை வெளியிடும் நிறுவனமான கார்வுட் இண்டஸ்ட்ரீஸின் ஹூஸ்டன் தபால் பெட்டிக்கே எழுதி வாங்கப்போகிறேன். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும். 2004இல் கிளாஸ்கோவில் அறிவிப்பே இல்லாமல் அவர் முதல்முறை மேடையேறினாரே, அந்த நிகழ்ச்சியின் பதிவிலிருந்துதான் தொடங்க உத்தேசம்.