கோச் தேடிய அந்த நாட்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

2023 நவம்பர் 25, சனிக்கிழமை. தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் இருக்கும் எங்கள் காலேஜ் ஸ்டேஷன் ஊரே காலியாகக் கிடந்தது. பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி அன்று எல்எஸ்யு-விடம் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 42-30 என்று தோற்றிருந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதின்மூன்று நாள் முன்புதான் கோச் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த கோச் யார் என்பதுதான் ஊரில் ஒரே பேச்சு.

இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபதுகளில் இங்கே படித்தவர். இங்கே படித்தவர்கள் போடும் 'ஆகி' (Aggie) மோதிரம் போடாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வரமாட்டார். கையில் போன், முகம் சிவந்திருந்தது. "ஸ்டூப்ஸாம்! கென்டக்கியிலிருந்து மார்க் ஸ்டூப்ஸைக் கொண்டு வருகிறார்களாம்!"

யார் அவர் என்று கேட்டேன். அது தப்பு. முக்கால் மணி நேரம் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். சாராம்சம் இதுதான்: அந்த ஆண்டு நாமும் 7-5 (ஏழு வெற்றி, ஐந்து தோல்வி), கென்டக்கியும் 7-5. ஃபிஷரை அனுப்ப 7 கோடியே 60 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டுவிட்டு, அதே 7-5ஐ இன்னொரு கடையில் போய் வாங்குவானேன்?

கேட்கக் கேட்க எனக்கும் சூடு ஏறிவிட்டது. "நீயும் முன்னாள் மாணவன்தானே, சும்மா இருக்கலாமா?" என்றார். நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி அனுப்பினேன், சில மணி நேரம் முன்புவரை பெயரே தெரியாத ஒரு மனிதர் ஏன் லாயக்கில்லை என்று! இப்போது நினைத்தால் கூசுகிறது.

நான் மட்டும் இல்லை, அன்று இரவு ஆயிரக்கணக்கானவர்கள் கொந்தளித்தார்கள். விடிவதற்குள் ஸ்டூப்ஸ் கென்டக்கியிலேயே இருந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை புதுக் கோச்சாக டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து மைக் எல்கோவின் பெயர் வந்தது. 2018 முதல் 2021 வரை இங்கேயே ஃபிஷரின் கீழ் டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்) பார்த்தவர். பெரியவர் அந்த மின்னஞ்சல்தான் காரியத்தை முடித்தது என்று இன்றுவரை நம்புகிறார்.

உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

*

ஹியூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். என் கதை அதற்கு ஓராண்டு முந்தையது.

2022 செப்டம்பரில் அப்பா வந்திருந்தார். கோவில்பட்டியில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஹாக்கிப் பைத்தியம். ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம் என்று சொல்லி ஏ அண்ட் எம்மின் கைல் ஃபீல்டுக்குக் கூட்டிப்போனேன். உட்காரும் என்றது பேச்சுக்குத்தான். எங்களைச் சுற்றி ஒருவரும் உட்காரவில்லை. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, காசு கொடுத்துத்தானே வந்திருக்கோம்?" என்றார்.

பக்கத்திலிருந்த மாணவன் ஒருவன் அவருக்குப் பன்னிரண்டாவது ஆள் கதையைச் சொன்னான், நான் மொழிபெயர்த்தேன். 1922 ஜனவரி 2, டல்லாஸில் சென்டர் கல்லூரியோடு ஆட்டம். ஏ அண்ட் எம் ஆட்களில் ஒருவர் மாற்றி ஒருவர் அடிபட்டு விழ, பார்க்க வந்திருந்த கிங் கில் என்ற மாணவரைக் கோச் கூப்பிட்டார். அவர் சீருடை மாட்டிக்கொண்டு ஆட்டம் முடியும்வரை ஓரத்தில் தயாராக நின்றார். அந்த நினைவாகத்தான் இன்றும் எல்லாரும் நிற்கிறார்களாம். "சரி, கடைசியில் இறங்கி ஆடினாரா?" என்று அப்பா கேட்டார். இல்லை. "சும்மா நின்றதற்கா இவ்வளவு?" நல்லவேளை, இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அன்று எதிரணி அப்பலாச்சியன் ஸ்டேட். 15 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்த சின்ன அணி. வந்து, 17-14 என்று ஜெயித்து, செக்கையும் வாங்கிக்கொண்டு போனது. அப்பாவுக்கு விதி ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஆட்டத்தைவிடக் கோச்சைத்தான் அதிகம் பார்த்தார். ஃபிஷர் அப்போது ஆட்ட உத்திகளையும் தானே சொல்வார், கையில் பெரிய அட்டை இருக்கும். "இந்த ஆள் பையன்கள் முகத்தைப் பார்க்கவே இல்லையே, அட்டையைத்தானே பார்க்கிறார்" என்றார். திரும்பும் வழியில் அவருடைய சம்பளத்தைச் சொன்னேன். ஆண்டுக்குத் தொண்ணூறு லட்சம் டாலர் என்றதும் ரூபாயில் கணக்குப் போட ஆரம்பித்தவர் ஹெம்ப்ஸ்டெட் தாண்டும்வரை பேசவில்லை.

எனக்கு ஃபிஷர்மேல் கோபம் கிடையாது. புளோரிடா ஸ்டேட்டில் 2013-இல் தேசியப் பட்டம் வென்றவர், இங்கே 2020-இல் தேசிய அளவில் நாலாம் இடம், 2021-இல் முதலிடத்திலிருந்த அலபாமாவை 41-38 என்று சாய்த்தார். தப்பு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்மேல்தான். 2017 டிசம்பரில் பத்தாண்டுக்கு ஏழரைக் கோடி டாலர், முழுவதும் உத்தரவாதத்தோடு. வந்த சூட்டில் வேந்தர் அவருக்கு ஒரு தேசியப் பட்டக் கேடயம் கொடுத்தார், வென்ற ஆண்டை மட்டும் காலியாக விட்டு! பெண் பார்க்கப் போன இடத்திலேயே பிள்ளைக்குப் பெயர் வைத்த மாதிரி. இந்தப் பல்கலைக்கழகம் கடைசியாகத் தேசியப் பட்டம் வாங்கியது 1939-இல். அப்புறம் 2021-இல் ஒப்பந்தத்தை 2031 வரை இழுத்தார்கள். வேறு வேலைக்குப் போனாலும் இவர்கள் தர வேண்டியதில் ஒரு காசும் குறையாது என்பது நிபந்தனை. இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டூப்ஸைக் குறை சொல்வானேன்?

*

நான் லெக்சிங்டன், கென்டக்கி. அந்த இரவை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

இது கூடைப்பந்து ஊர். ஃபுட்பால் இங்கே இரண்டாம் தாரத்துப் பிள்ளை. ஆனாலும் அன்று பகலில் லூயிவில் அணியை 38-31 என்று வீழ்த்தியிருந்தோம், ஊர் குஷியில் இருந்தது. கோச் போகிறார் என்று இரவில் செய்தி வந்ததும் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் அழுதார்கள், மூன்று பேர் "போனால் போகட்டும், நாமும் புதிதாகப் பார்க்கலாம்" என்றார்கள். காலையில் அவர் போகவில்லை என்று தெரிந்தது. கூடவே ஏன் போகவில்லை என்பதும் தெரிந்தது, டெக்சாஸ்காரர்களுக்கு அவர் பிடிக்கவில்லையாம்.

அவ்வளவுதான். திங்கட்கிழமை அந்த மூன்று பேரும் கென்டக்கி அணியின் நீலச் சட்டை போட்டு வந்தார்கள். "எங்கள் கோச்சைச் சொல்ல அவர்கள் யார்?" நம் வீட்டுப் பிள்ளையை நாம் திட்டலாம், பெண் பார்க்கப் போன வீட்டில் வேண்டாம் என்று சொன்னால் விடுவோமா?

மின்னஞ்சல் அனுப்பிய அண்ணனுக்கு ஒரு தகவல். 2013 பருவத்துக்கு ஸ்டூப்ஸ் இங்கே வரும்போது அணி முந்தைய பருவத்தில் இரண்டே ஆட்டம் ஜெயித்திருந்தது. கென்டக்கியில் அதிக வெற்றி என்ற பழைய கோச் பியர் பிரையன்ட்டின் சாதனையை முறியடித்தவர் இவர். அந்த பிரையன்ட்டும் இங்கிருந்துதான் 1954-இல் உங்கள் ஏ அண்ட் எம்முக்கு வந்தார். முதல் பருவம் 1-9. அன்றைக்கு ராத்திரியோடு ராத்திரியாக எழுத மின்னஞ்சல் இருந்திருந்தால் 1956-இல் நீங்கள் கான்ஃபரன்ஸ் (உங்கள் லீக்) பட்டம் வாங்கியிருக்கமாட்டீர்கள்.

ஆனால் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஸ்டூப்ஸுக்குச் சரியாகவே அமையவில்லை. 2024-இல் 4-8, 2025-இல் 5-7, கடைசியில் லூயிவில்லிடம் 41-0. டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு பேர் இப்போதும் அழுதார்கள்.

*

தற்போதைய மாணவன், சுருக்கமாக. எல்கோ வந்தபோது நான் ஊரிலேயே இல்லை, அதனால் கோச் தேடல் அனுபவம் கிடையாது. 2025 நவம்பர் 15, சவுத் கரோலினா ஆட்டம், இடைவேளையில் 30-3 என்று பின்தங்கியிருந்தோம். "ஃபிஷரின் ஆளைத் திரும்பக் கொண்டு வந்தால் இப்படித்தான்" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது நியாயமாகவே பட்டது. எழுந்து அபார்ட்மென்ட்டுக்கு வந்து சாம்பார் வைக்க ஆரம்பித்தேன். பருப்பு வேகும்போது ஒரு இரைச்சல், புளி ஊற்றும்போது அதைவிடப் பெரிய இரைச்சல். 31-30, ஜெயித்துவிட்டோம். டிக்கெட் பையில் இருந்தது, நான் கரண்டியோடு நின்றேன். ரூம்மேட் இன்னும் என்னைச் சாம்பார் என்றுதான் கூப்பிடுகிறான்.

*

தொடங்கியவன் மறுபடியும். லெக்சிங்டன் தங்கை கொடுத்த குட்டு சரியாகவே விழுந்தது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. ஹியூஸ்டன் நண்பரின் அப்பா கேட்டாரே, சும்மா நின்றதற்கா என்று, அதுதான் இந்த ஊரின் வியாதியே. வருடம் முழுக்கத் தயாராக நிற்பவனுக்குக் கடைசியில் இறங்கத் தோன்றும். 2023-இல் ஒரு இரவு இறங்கினோம். தற்செயலாக நல்லதாய் முடிந்தது. 2024-இல் 8-5, சொந்த மைதானத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திடம் 17-7 தோல்வி வேறு. 2025-இல் 11-1, முதல்முறையாகத் தேசியப் பட்டத்துக்கான ப்ளே-ஆஃப். அங்கே மயாமியிடம் 10-3 என்று தோற்றோம், அதையும் நின்றுகொண்டே பார்த்தேன். இதில் எங்கள் சாமர்த்தியம் என்று ஒன்றும் இல்லை. எல்கோவும் எங்களில் யாரும் வேண்டும் என்று கேட்ட பெயர் இல்லை.

சவுத் கரோலினா ஆட்டத்தை ஒட்டித்தான் எல்கோவுக்கு ஆறாண்டுப் புது ஒப்பந்தம் வந்தது, ஆண்டுக்கு ஒரு கோடியே பத்து லட்சம் டாலருக்கு மேல். போன வாரம் பெரியவர் மறுபடியும் கதவைத் தட்டினார். "ஃபிஷருக்கும் ஜெயித்துக்கொண்டிருந்தபோதுதான் நீட்டினார்கள். நீ நன்றாக எழுதுகிறாய், இன்னொன்று எழுதேன்" என்றார். எதற்கு எதிராக எழுதுவது என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். நேற்றுக் குப்பைத்தொட்டி பக்கத்தில் பார்த்தேன், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.