ஓவர்ஸ்டியருக்குத் தமிழ்: வால்வீச்சா, மிகுதிருப்பமா?

லவால், கியூபெக் | நவம்பர் 14

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். இரண்டு என்றால் இன்னும் நல்லது.

வருகிற சனிக்கிழமை எங்கள் மண்டபத்தில் குளிர்கால வாகன வகுப்பு. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம் என்பதால் அதை எல்லாரும் மாற்றிவிடுகிறார்கள். மாற்றியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற பெடியளுக்குத்தான் இந்த வகுப்பு. அவர்களுக்குப் பிரெஞ்சில் சொன்னால் போதும். காசு கொடுத்து அந்தக் கார்களை வாங்கிவிட்ட தகப்பன்மாருக்குத் தமிழில் நாலு பக்கம் வேண்டும்.

என் அக்காவின் மகன் ஒரு மஸ்டாங் ஜிடி எடுத்திருக்கிறான். 5 லிற்றர் வி8, 460 குதிரைவலு, உந்துவது பின் சில்லுகள் மட்டும். பாரம் முன்னால், வலு பின்னால். போன கிழமை முதல் ஸ்நோ கொட்டியபோது வெறுமையாய்க் கிடந்த ஒரு கார் தரிப்பிடத்தில் சுற்றிக் காட்டுகிறேன் என்றான். இன்னும் கோடை ரயர்தான். அந்த ரப்பர் 7 பாகைக்குக் கீழே போனாலே விறைக்கத் தொடங்கிவிடும். வளைவில் காலை ஒரு விரற்கடை அழுத்தினான், அவ்வளவுதான். காரின் பின்பக்கம் எங்களை முந்திப் போகப் பார்த்தது. ஒரு வண்டிலும் அங்கே நிற்காதது எங்கள் நல்ல காலம்.

இதைத்தான் ஓவர்ஸ்டியர் என்கிறார்கள். மறுபக்கம், சுக்கானைத் திருப்பியும் கார் கேட்காமல் நேரே போவது அண்டர்ஸ்டியர். இரண்டுக்கும் தமிழ் சொல்லுங்கோ. வியாழன் இரவு அச்சுக்குப் போகிறது.

க.

சென்னை | நவம்பர் 14

அன்புள்ள க.,

மிகுதிருப்பம், குறைதிருப்பம். இரண்டும் வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. தயவுசெய்து நடுவில் ஒற்றுப் போட்டுவிடாதீர்கள். இணையாக வரும் சொற்களுக்கு இணையான வடிவம் இருந்தால்தான் பாடநூலில் நிற்கும். செருமானியரும் தம் மொழியில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ‘ரயர்’ என்று எழுதுகிறீர்கள். ரகரம் மொழிக்கு முதலில் வராது.

செ.

ரொறன்ரோ | நவம்பர் 14

செ. ஐயா, ‘டயர்’ என்று எழுத டகரம் மட்டும் முதலில் வருமா?

ப.

கோவை | நவம்பர் 15

வணக்கமுங்க. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கமே வளர்ந்தவன், மண் ராலியில கொஞ்ச நாள் ஓட்டியிருக்கேன். பனி பார்த்ததில்லை. ஆனா சரளைக் கல்லும் பனியும் இந்த விசயத்துல பங்காளிங்கதான்.

செ. ஐயா சொன்ன சொல் இலக்கணப்படி சரியா இருக்கலாம், அர்த்தத்துல தப்புங்க. மிகுதிருப்பம்னு படிக்கிறவன் ‘நான் ஸ்டியரிங்கை ஜாஸ்தி திருப்பிட்டேன்’னு நினைப்பான். உண்மையில அவன் திருப்பினது கொஞ்சந்தான். பின் டயர் பிடி விட்டதால வண்டி அவன் கேட்டதைவிட அதிகமா வளையுது. போதாக்குறைக்குத் திருப்பம்னாலே நம்ம ஆளுகளுக்கு சினிமா இடைவேளைதான் ஞாபகம் வரும்.

நாங்க எப்பவும் சொல்றது ‘பின்னாடி வீசுது’. அப்ப வால்வீச்சுன்னு வெச்சுக்கலாமே? இன்னொண்ணுக்கு மூக்குமுரண்டு. மூக்கணாங்கயிறை இழுத்தாலும் திரும்பாம முரண்டு பிடிக்குமே மாடு, அதேதான்.

ம.

ரொறன்ரோ | நவம்பர் 15

வீச்சு என்றால் அரிவாள் வீச்சு, கொத்துரொட்டிக் கடையில் ரொட்டி வீச்சு. வேண்டுமென்று செய்வது. இது தானாக நடப்பது, ஆகவே சறுக்கல். ‘வால்சறுக்கல்’ என்று எழுதினால் செ. ஐயா விடமாட்டார். வாற்கோதுமை போல வாற்சறுக்கல் என்றுதான் புணர வேண்டும்.

ஆனால் எனக்கு வேறொரு சொல்லில் ஆசை. ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே’ என்கிறது குறள் 415. இழுக்கல் என்றால் வழுக்கு நிலம். பிடி விட்டுப் போவதற்கு ஈராயிரம் ஆண்டு பழைய சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் புதிதாகத் தேட வேண்டும்? பின்னிழுக்கல், முன்னிழுக்கல்!

போகிற போக்கில்: ஸ்நோவுக்குத் தமிழில் சொல் இல்லை, பனி என்றால் மார்கழிக் காலைப் புல்நுனிதான் என்று இங்கே அடிக்கடி அலுத்துக்கொள்கிறோம். புறநானூறு 6இல் ‘வடாஅது பனிபடு நெடுவரை’ என்று இமயத்தைச் சொன்னவருக்கு அந்தப் பனி எதுவென்று தெரியாமலா இருந்தது? பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள். பனி முதலில் நடுக்கம், பிறகுதான் நீர், பிறகு உறைநீர் என்பது என் ஊகம். முன்பனிக்காலத்தைச் சொல்கிற அற்சிரம் என்ற சொல்லையும்…

ப.

லவால் | நவம்பர் 15

ப. அண்ணை, அற்சிரம் பிறகு. இழுக்கல் என்று போட்டால் தகப்பன்மார் ‘காரை எதால இழுக்கிறது?’ என்று கேட்பார்கள்.

க.

சென்னை | நவம்பர் 16

வால் என்பது பேச்சுவழக்கு உருவகம். கலைச்சொல் உருவகத்தில் தொடங்கினால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விலங்கு வந்துவிடும். நாளை யானை வரும். மேலும் க. எழுதுகிற ‘சுக்கான்’ அரபு. அதற்கு முதலில் ஒரு வழி பார்ப்போம்.

செ.

கோவை | நவம்பர் 16

யானைக்கும் அடி சறுக்குமுங்க ஐயா.

ம.

லவால் | நவம்பர் 16

நேற்று இரவு இரண்டு பந்திகளை இரண்டு சொல்லாலும் எழுதி, வகுப்புக்கு வருகிற நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன். பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்வது ‘சறுக்குகிற பக்கமே திருப்பு’. இதைக் கேட்ட ஒருவர் உடனே கேட்டார்: “சறுக்கிறது எந்தப் பக்கம் தம்பி? மூக்கு இடப்பக்கம் போகுது, குண்டி வலப்பக்கம் போகுது.” நியாயமான கேள்வி. மிகுதிருப்பம் என்று சொல்லி அவருக்கு அதை விளக்க முடியவில்லை. ‘வால் போற பக்கம் சுக்கானைத் திருப்புங்கோ, பிரேக்கில் கால் வைக்காதேங்கோ, போக வேண்டிய இடத்தைப் பாருங்கோ’ என்றதும் மேசையிலே கையை வைத்துச் சரியாகத் திருப்பிக் காட்டினார். அந்தச் சொல்லிலேயே கைக்கு வழி இருக்கிறது.

இன்னொருவர் போர்ஷ 911 வைத்திருக்கிறார். எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் இருப்பதால் பாரம் உந்து சில்லுகளின் மேலேயே இறங்குகிறது. ஸ்நோவில் கிளம்புவதில் மஸ்டாங்கைவிட எவ்வளவோ மேல் என்று பெருமைப்பட்டார். சரிதான். ஆனால் வளைவின் நடுவில் பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் பாரம் முன்னுக்கு ஓடும், பின் சில்லு லேசாகிவிடும், பிறகு அந்த எஞ்சினே சுத்தியல் தலைபோல வாலைச் சுழற்றும். அழுத்தினாலும் வால்வீச்சு, எடுத்தாலும் வால்வீச்சு. வீச்சு என்ற சொல் அங்கேதான் எனக்குப் பிடித்துப்போனது. 911ஐப் பார்த்தால் சறுக்கல் என்று சொல்ல மனம் வராது.

நாலு சில்லும் உந்துகிற கார் என்றால் பயமில்லை என்று அவர் சொன்னதற்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அது கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது.

மொன்றியலுக்கு வடக்கே மெக்காகிளிஸ் களத்தில் உறைந்த தடத்தில் இதையெல்லாம் பழகலாம். தகப்பன்மார் விலையைக் கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

க.

ரொறன்ரோ | நவம்பர் 16

சரி, வால்வீச்சு. மூக்குமுரண்டை மட்டும் ஏற்கமாட்டேன். முரண்டு பிடிக்க மாட்டுக்கு மனம் இருக்கிறது, முன்சில்லுக்கு இல்லை. மூக்கோட்டம்?

ப.

கோவை | நவம்பர் 17

மூக்கோட்டம்னா சளிங்க.

ம.

சென்னை | நவம்பர் 17

பெரும்பான்மைக்கு நான் தடையில்லை. அடிக்குறிப்பில் மிகுதிருப்பம், குறைதிருப்பம் என்று ஒரு வரி இருந்தால் பின்னால் வருகிற ஒரு பொறியியல் மாணவனுக்காவது உதவும். என் மாற்றுக்கருத்து பதிவாகட்டும். சுக்கானுக்குத் திசைவளை என்று ஒரு பரிந்துரை வைக்கிறேன். இதில் வளை பெயரா வினையா என்பதை…

செ.

லவால் | நவம்பர் 17

ஐயா, அடிக்குறிப்புப் போட்டிருக்கிறேன். சுக்கான் அப்படியே போய்விட்டது. அச்சகத்தில் ஏற்கெனவே ஐம்பது பிரதி அடித்துவிட்டார்கள்.

ரோட்டிலே கண்ணுக்குத் தெரியாமல் படிகிற ஐஸுக்கு இன்னும் சொல் வைக்கவில்லை, அதற்கு ஒரு தனி இழை தொடங்குகிறேன். பிரெஞ்சில் உறைமழை ஐஸுக்கு வெர்கிளா என்பார்கள், கண்ணாடி ஐஸ் என்பதுதான் அதன் மூலம். 1998 சனவரி ஐஸ் புயலின்போது இங்கே இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. ப. அண்ணை இழுக்கலை அங்கே கொண்டுவரலாம்.

க.