புதுப்பிப்பு: ஸ்பானிஷில் 'ஆஃப் பண்ணாதீங்க' சொல்ல வந்துவிட்டது

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே மெக்சிகோ வாடிக்கையாளர்களுக்குக் கணினி உதவி செய்கிறேன், திறங்க, மூடுங்க, சேமிங்க எல்லாம் ஸ்பானிஷில் எப்படி என்று போன மாதம் கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது, 'நீங்க' வடிவத்தை மட்டும் படி என்ற யோசனைதான். திறங்க என்றால் அப்ரா, மூடுங்க என்றால் சியெர்ரே, சேமிங்க என்றால் குவார்தே, மூன்றே நாளில் வாயில் நின்றுவிட்டது. எதிர்பாராத லாபம், அணையுங்க என்பது அபாகே, அணைக்காதீங்க என்றால் முன்னால் ஒரு நோ போட்டால் போதும், நோ அபாகே. 'நீ' வடிவம் என்றால் அபாகா என்பது நோ அபாகெஸ் என்று மாறித் தொலையும். கிளிக் பண்ணுங்க என்பது ஆகா கிளிக். முதல் தடவை சொன்னபோது திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பாயி, "என்னடா ஆகா?" என்று எட்டிப் பார்த்தது. அப்புறம், கணினிக்கு மெக்சிகோவில் கொம்புதாதோரா, ஓர்தெனாதோர் என்பது ஸ்பெயின் பேச்சு.