கோடை பண்பலை 100.5 ராமநாதபுரம் வரை எப்படிக் கேட்டது?

சீமைக்காரன் (கேள்வி)

சிவகங்கைப் பக்கம் டீக்கடை, சலூன், டவுன் பஸ் என்று எங்கே போனாலும் ஒரு காலத்தில் 100.5 தான் ஓடும். கொடைக்கானல் எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலே. அங்கிருந்து வருகிற எஃப்.எம். இவ்வளவு தெளிவாகக் கேட்க, பக்கத்து ஊரில் தொடங்கின தனியார் எஃப்.எம். எல்லாம் ஊர் எல்லை தாண்டினாலே இரைய ஆரம்பித்துவிடும். பவர் அதிகம் என்கிறான் ஒருத்தன், அரசாங்கம் என்பதால் என்கிறான் இன்னொருத்தன். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அப்படியே இந்த ஸ்டேஷனின் பழைய கதையும் தெரிந்தால் நல்லது.

ஆன்டெனா_மாமா

பவரும் உண்டு, 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர். ஆனால் வேலை செய்தது மலைதான் தம்பி. எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், மீடியம் வேவ் மாதிரி தரையோடு தவழ்ந்தோ ராத்திரியில் வானத்தில் பட்டுத் திரும்பியோ வராது. அதனால் ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. மோட்டாக் கணக்கு ஒன்று சொல்கிறேன்: உயரத்தை மீட்டரில் எடுத்து அதற்கு வர்க்கமூலம் போட்டு 4.1-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று வரும். ஊருக்குள் 100 மீட்டர் டவர் வைத்தால் 41 கிலோமீட்டர். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர், போட்டுப் பாருங்கள், 190-ஐ நெருங்கும். திருநெல்வேலி, ராமநாதபுரம் இரண்டுமே வான்வழியாக அந்தத் தூரத்துக்குள் வந்துவிடும். புதுக்கோட்டை, திருச்சி எல்லாம் இன்னும் பக்கம்.

இதில் ஒரு வேடிக்கை, மலைக்கு நேர் கீழே இருப்பவனுக்கும், நடுவில் சிறுமலை மாதிரி ஏதாவது குறுக்கே நிற்கிற ஊர்க்காரனுக்கும் நிழல் விழும், அதாவது அலை மறைந்து சரியாகக் கேட்காது. நூறு கிலோமீட்டர் தள்ளி, பொட்டலில் இருப்பவன் ஜம்மென்று கேட்பான். ஓரத்தில் இருக்கிற ஊர்களில் ரேடியோவில் ஸ்டீரியோ சுவிட்சை மோனோவுக்குத் தள்ளினால் இரைச்சல் பாதி அடங்கும். ஏரியலில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி ஜன்னல் கம்பிக்கு மேலே இழுத்துக் கட்டுவார்களே, அதுவும் இந்த உயரத்துக்காகத்தான்.

பாட்டுப்பெட்டி

மாமா சொன்ன கணக்கு சரி, ஆனால் மலை மட்டும் போதாது. போட்டி இல்லாத காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் பக்கம் பாட்டுக் கேட்டவர்களின் வரிசையைப் பாருங்கள். திருச்சி வானொலி 1939-லேயே வந்தாயிற்று. ஆனால் சினிமாப் பாட்டு வேண்டும் என்றால் இலங்கை வானொலிதான். ஐம்பதுகளில் மத்திய அமைச்சராக இருந்த கேஸ்கர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்ததும் கூட்டம் அப்படியே சிலோனுக்குப் போனது. அதைத் திரும்பப் பிடிக்கத்தான் 1957-இல் விவித் பாரதி வந்தது. எல்லாம் மீடியம் வேவ், ஷார்ட் வேவ். இடி இடித்தால் கரகரப்பு.

எஃப்.எம். என்பது இந்தியாவில் முதலில் வந்ததே நம் சென்னையில்தான், 1977 ஜூலை 23. ஆனால் அப்போது யாரிடம் எஃப்.எம். பெட்டி இருந்தது? தொண்ணூறுகளில் விலை குறைந்த செட் கடைகளில் குவிந்த பிறகுதான் ஜனம் அந்தப் பக்கம் திரும்பியது. கோடை பண்பலைக்குக் கிடைத்தது அந்த நேரம். தென்மாவட்டத்தில் அவ்வளவு தெளிவாகப் பாட்டுத் தர வேறு ஆள் இல்லை. கேட்டவர்களும் கடைக்காரர், டிரைவர், காட்டு வேலைக்குப் போகிறவர்கள். கையில் வேலை, காதில் பாட்டு. பாட்டு நடுவே விவசாய அறிவிப்பு வந்தாலும் யாரும் ஸ்டேஷனை மாற்றவில்லை, மாற்ற என்ன இருந்தது?

மைக்குக்குப்_பின்னால்

தனியார் நிலையம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தவன். தனியாருக்கு உரிமமே ஊர் ஊராகத்தான். மதுரைக்கு எடுத்தால் மதுரைக்கு மட்டும், டவர் உயரம், பவர் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. மலை மேலே ஏறி நின்று பத்து மாவட்டத்துக்குப் பாட்டுப் போட யாரும் விட மாட்டார்கள். தனியாருக்கு நடந்த முதல் கட்ட ஏலத்தில் உரிமக் கட்டணம் வருடத்துக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும் என்று வைத்திருந்தார்கள், பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2005-இல் அதை மாற்றி வருமானத்தில் 4 சதவீதம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் மதுரை, திருச்சி, தூத்துக்குடியில் சூரியன், ஹலோ எல்லாம் வந்தன. அந்த நேரம் பார்த்து செல்போனிலும் எஃப்.எம். வந்துவிட்டது, இயர்போன் ஒயரே ஏரியல். அப்போதுதான் கோடைக்கு அடி விழுந்தது. எங்களைப் பொறுத்தவரை விளம்பரம் கிடைக்கிற ஊர்தான் ஊர். கமுதியில் ஆடு மேய்க்கிறவர் கேட்கிறாரா என்று எங்கள் மீட்டிங்கில் யாரும் கேட்டதில்லை.

பாட்டுப்பெட்டி

அடி விழுந்தது டவுனில். கிராமத்தில் இல்லை. தனியார் சிக்னல் போய்ச் சேராத ஊரில் போட்டி எங்கிருந்து வரும்? சொந்தமாகச் செய்தி போட அனுமதி இல்லாததும் உங்களுக்கு ஒரு குறை, அதையும் சொல்லுங்கள்.

மைக்குக்குப்_பின்னால்

ஒத்துக்கொள்கிறேன். புயல் நேரத்தில் எங்களிடம் பாட்டும் ஜோக்கும்தான்.

சீமைக்காரன்

அனைவருக்கும் நன்றி. மாமா கணக்கைப் போட்டுப் பார்த்தேன், எங்கள் ஊர் தாராளமாக உள்ளே வருகிறது. இப்போது துபாயில் இருக்கிறேன், இங்கே கேட்க வழி உண்டா?

ஆன்டெனா_மாமா

மலை அவ்வளவு தூரம் எட்டாது தம்பி. ஆகாசவாணியை நடத்துகிற பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் ஆப்பைப் போடுங்கள், தமிழ் நிலையங்கள் வரிசையில் தேடிப் பாருங்கள். நேரத்தை மட்டும் கவனியுங்கள், நீங்கள் ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறீர்கள்.