60 சீட்டு கிளாஸ்ல 72 பேர், ரூம் மட்டும் அதே ரூம். யார்கிட்ட போய் கேக்கறது?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் மாவட்டத்துல ஒரு அரசு கலைக் கல்லூரில பிஎஸ்சி மேத்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கறேன், காலேஜ் பேரு வேணாம். எங்களுக்கு 60 சீட்டு, 20 சதவீதம் கூட சேத்துக்கலாம்னு ஆர்டர் வந்து 72 ஆயிடுச்சு. ரூம் 20-க்கு 25 அடி, நானே டேப் வெச்சு அளந்தேன். மூணு பேர் பெஞ்சுல அஞ்சு பேரு, எழுதறப்ப முழங்கை இடிச்சு கோடு இழுத்துட்டு போவுது, லேட்டா வர்றவங்க ஜன்னல் திண்டுல குந்திகிட்டு நோட்ட மடியில வெச்சு எழுதறாங்க. நாங்க ஷிப்ட் 1, மதியம் நாங்க எழுந்திரிக்கறதுக்குள்ள ஷிப்ட் 2 பசங்க வாசல்ல நிக்கறாங்க. சீட்ட கொறைக்க சொல்லி மனு எழுதலாம்னு கிளாஸ்ல பேச்சு. எம்பக்கத்துல உக்கார்றவன் அந்த எக்ஸ்ட்ரா சீட்டுல வந்தவன்தான், அவங்கப்பா முந்திரிக் காட்டுல கூலி. அவன பக்கத்துல வெச்சிகிட்டு நான் எப்படி கையெழுத்து போடுவேன்? வேற வழி இருந்தா சொல்லுங்க.

சாக்பீஸ்:
தம்பி, போடாத. நான் கௌரவ விரிவுரையாளரா ரொம்ப வருஷம் இருந்தவன். 2006 வாக்குல ஷிப்ட் வந்தப்ப புதுசா கட்டடம் கட்டாமலே அதே ரூம்ல ரெண்டு மடங்கு பசங்கள படிக்க வெச்சோம், வீட்டுல மொத டிகிரின்னு வந்தவங்கதான் பாதிக்கு மேல. சீட்டு கொறஞ்சா வெளிய நிக்கப்போறது அவங்கதான். மொதல்ல டைம்டேபிள பாரு. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி பசங்க லேபுக்கு போனா அவங்க கிளாஸ் ரூம் மூணு மணி நேரம் பூட்டிக் கெடக்கும், சாவி டிபார்ட்மெண்ட்ல இருக்கும், கேட்டா "எங்க ரூம்"னுவாங்க. ஒரு வாரம் எந்த ரூம் எந்த ஹவர்ல காலின்னு எழுதி பிரின்சிபால் கைல குடு. ஆனா இடம் இல்லன்னு தமிழ், இங்கிலீஷ் ஹவர்ல மூணு டிபார்ட்மெண்ட்ட ஒரே ஹால்ல அடைச்சா மட்டும் ஒத்துக்காதீங்க, கடைசி பெஞ்சுக்கு ஒரு வார்த்த கேக்காது.

நெல்லிக்குப்பம் பொண்ணு:
சாக்பீஸ் சார் சொல்றது சரி, ஆனா கூட்டத்த ஷிப்ட் 2-க்கு தள்ளிடாதீங்க ப்ளீஸ். நான் ஷிப்ட் 2. அஞ்சரைக்கு விட்டு பஸ் புடிச்சு வீட்டுக்கு போவ ஏழு ஆவுது, ஐப்பசி கார்த்திகைல கும்மிருட்டு. 2022-ல அரசு ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வந்தப்புறம்தான் எங்க தெருவுல மூணு பொண்ணுங்க காலேஜ் சேந்தாங்க, அதுல ஒருத்தி இருட்டுக்கு பயந்தே நின்னுட்டா.

சைட் இன்ஜினியர்:
மாடி மேல மாடி போட்டா ஆச்சேன்னு எல்லாரும் கேப்பாங்க. அஸ்திவாரம் அந்த வெயிட்டுக்கு போட்டிருக்கணும், பொதுப்பணித்துறை வந்து ஸ்டெபிலிட்டி பாக்கணும். நம்ம கடலோரத்துல உப்புக்காத்து கான்கிரீட் விரிசல்ல பூந்து கம்பிய துரு ஏத்தும், துரு ஊதுனா சிமெண்ட்டு பேந்து விழும், மேலுக்கு பெயிண்ட் அடிச்சா ஒன்னும் தெரியாது. 2011 டிசம்பர்ல தானே புயல் போனப்புறம் இங்க ஷீட் கூரைய நம்பறவன் யாரும் இல்ல, அதனால தற்காலிக ஷெட்டுன்னு ஆரம்பிச்சா ஒத்துக்காதீங்க. ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடு தம்பி, 10 ரூபாதான், 30 நாள்ல பதில் தரணும். எத்தன சீட்டு, எத்தன ரூம், புது கட்டடத்துக்கு முன்மொழிவு போச்சா, போனா எந்த ஆபீஸ்ல நிக்குது, இத மட்டும் கேளு. உனக்கு பயமா இருந்தா அப்பா பேர்ல போடு. அந்த பதிலோட எம்எல்ஏ கிட்ட போனா தொகுதி நிதில ரெண்டு ரூமாச்சும் கேக்கலாம்.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றி சார், அக்கா. திங்கக்கெழம நானும் அவனுமா ஒவ்வொரு ஹவரும் ரூம் ரூமா பாத்து எழுதறோம். ஷிப்ட் 2-ல யாராச்சும் எழுதித் தர முடியுமா அக்கா?

நெல்லிக்குப்பம் பொண்ணு:
நான் எழுதறேன். மேல் மாடில ரெண்டு ரூம் எப்பவும் பூட்டிதான் கெடக்கு, அதுலேர்ந்து ஆரம்பிக்கறேன்.