அந்தமானில் நாலரை மணி

கீதா: 18ஆம் தேதி காலை விமானம், அந்தமான். ஹேவ்லாக் தீவில் 2 இரவு, பாக்குத் தோப்புக்குள் ஒரு குடில். பாப்பாவுக்கு ஒரு கொசு கடித்தாலே காசு அளவுக்குத் தடிக்கும். என்ன எடுத்துப் போகலாம்?

பாட்டி: வேப்பெண்ணெயோடு தேங்காய் எண்ணெய் கலந்து தடவு.

முரளி சித்தப்பா: அம்மா, அது ரொம்ப நேரம் நிற்காது. கீதா, போன டிசம்பரில் நான் பண்ணின தப்பைக் கேள். இங்கே வேளச்சேரியில் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்துவோமே, அதே கணக்கில் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் நாலரைக்கு அரைக்கால் சட்டையோடு ஜாலியாக உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் ஒன்றுதான், ஆனால் அங்கே சூரியன் நம்மைவிடச் சுமார் 50 நிமிடம் முன்னால் மறைகிறது, டிசம்பரில் 5 மணிக்கே! கணுக்காலில் மட்டும் 23 தடிப்பு, சித்தி எண்ணினாள்.

ராஜி அத்தை: கடற்கரையில் கடித்தது என்றால் மணல் ஈயாக இருக்கும் முரளி. கண்ணுக்கே சரியாகத் தெரியாது, ராத்திரிதான் அரிப்பு ஆரம்பிக்கும். கீதா, வெறும் மணலில் உட்காராதே, மூணரைக்கே முழுக்கால் பேண்ட் போட்டுவிடு. தோப்பில் இருப்பது வேறு, கால் கை எல்லாம் வெள்ளைக் கோடு போட்ட டெங்கு கொசு. அது பகலில்தான் கடிக்கும், காலையிலும் பொழுது சாயும் முன்னும் அதிகம். சிரட்டையில் தேங்கின மழைத் தண்ணீர் போதும் அதற்கு, குடில் வாசலில் கிடந்தால் கவிழ்த்துவிடு.

கீதா: கிரீம் அத்தை?

ராஜி அத்தை: கொசு விரட்டும் மருந்து டீட் (DEET), அது 20 முதல் 30 சதவீதம் உள்ளது வாங்கு, பாப்பாவுக்கும் போடலாம். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு இது. அவள் உள்ளங்கையில் மட்டும் வேண்டாம், வாயில் வைத்துக்கொள்வாள். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் 3 வயது ஆகாத குழந்தைக்குக் கூடாது. ராத்திரி மலேரியா கொசுவுக்கு வலை. அப்புறம், திரும்பி வந்து 2 வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை போடாதே, டாக்டரிடம் அந்தமான் போனதைச் சொல்.

கீதா: சரி அத்தை. கொசு பேட் எடுத்துப் போகவா?

முரளி சித்தப்பா: எடுத்துப் போ, மாப்பிள்ளைக்குப் பொழுது போகும் 😄

பாட்டி: 5 மணிக்கே இருட்டிவிட்டால் விளக்கு எப்போது ஏற்றுவாள்?

முரளி சித்தப்பா: அம்மா, அவள் சுற்றுலா போகிறாள்.